உங்கள் ஊரின் வரலாற்றை நீங்களே எழுதுவது எப்படி: எழுவான்கரை, படுவான்கரைக் கிராமங்களுக்கு ஒரு வழிகாட்டி

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வெளிவரும் கும்பாபிஷேக மலர்களையும் பாடசாலை ஆண்டுவிழா மலர்களையும் புரட்டினால், ‘எமது ஊரின் வரலாறு’ என்ற கட்டுரை அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கும். அதில் பாதிக்கு மேல் ஒரு மன்னனின் பெயரிலும் வேடர் கண்ட ஓர் அற்புதத்திலும் கழிந்துவிடும். ஊரின் நடுவே இருக்கும் பொதுக்கிணற்றை வெட்டியவர்கள் யார், வாவியைக் கடக்கத் தோணி கட்டிய துறை எங்கே இருந்தது, முதலாவது பள்ளிக்கூடம் எந்த மரத்தின் கீழ் நடந்தது என்பவற்றுக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. மன்னனைப் பற்றி எழுத அறிஞர்கள் இருக்கிறார்கள். கிணற்றைப் பற்றி எழுத அந்த ஊரவரை விட்டால் வேறு ஆள் இல்லை. ஆகவே, இன்றும் கண்ணுக்கு முன்னால் நிற்கும் அடையாளங்களிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போகும் முறையையே இங்கே விளக்குகிறேன்.

இங்கிலாந்தின் சிறு கிராமங்கள் பலவற்றில், ஊர்த் தேவாலயத்தின் வாசலருகே அந்த ஊரின் வரலாற்றைச் சொல்லும் மெல்லிய கையேடு ஒன்று வைக்கப்பட்டிருக்கும். கோபுரம், பழைய ஆலை, கல்பாலம், உலகப் போர்களில் இறந்தவர்களின் பெயர் பொறித்த தூண் என்று, ஒவ்வொரு பொருளின் முன்னும் வாசகரை நிறுத்தித்தான் அது கதையைச் சொல்லும். அந்த ஊர்களுக்கு ஆவண வசதி அதிகம்: முதலாம் வில்லியம் மன்னனின் ஆணைப்படி 1086இல் தொகுக்கப்பட்ட நிலக் கணக்கேடு உண்டு, திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பங்குதோறும் பதிய வேண்டும் என்று 1538இல் பிறந்த கட்டளையால் சேர்ந்த பதிவேடுகள் உண்டு, 1836இன் சட்டத்தைத் தொடர்ந்து வரையப்பட்ட காணி வரைபடங்களும் உண்டு. எங்களிடம் அவ்வளவு தாள்கள் இல்லை. இருந்தவற்றிலும் ஒரு பகுதியை 1978இன் சூறாவளியும், இன்னொரு பகுதியைப் போர்க்கால இடப்பெயர்வுகளும், கடலோர ஊர்களில் மிஞ்சியதை 2004இன் சுனாமியும் கொண்டுபோயின. ஆனால் ஒவ்வொரு கூற்றையும் தொட்டுக் காட்டக்கூடிய ஒரு பொருளோடு கட்டிவைக்கும் அந்தப் பழக்கத்துக்கு ஆவண வசதி தேவையில்லை. அதை நாம் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் நடந்து பாருங்கள்

எழுதுவதற்கு முன்னர், குறைந்தது மூன்று நாட்கள் ஊரைச் சுற்றி நடக்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் போனால் பாதி தவறிவிடும். முதல் நாள் ஊரின் எல்லையைச் சுற்றுங்கள். இரண்டாம் நாள் குடியிருப்புக்குள் ஒழுங்கை ஒழுங்கையாகப் போங்கள். மூன்றாம் நாளை வயலுக்கும் வாவிக்கரைக்கும் ஒதுக்குங்கள். ஒரு கொப்பியில் கையால் வரைபடம் கீறி, கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பள்ளிக்கூடம் ஆகியவற்றோடு நின்றுவிடாமல், பாழடைந்த கிணறுகள், நெல் ஆலை இருந்த வளவு, சந்தை கூடிய வெளி, கூத்துக் களரி போட்ட இடம், மயானம், மதகு, பெரிய மரங்கள், எல்லைக்கல் எல்லாவற்றையும் குறியுங்கள். ஒவ்வொன்றையும் படமெடுக்கும்போது பக்கத்தில் ஓர் அடிமட்டத்தையோ ஒரு மனிதரையோ நிறுத்தினால் அளவு தெரியும். எடுத்த திகதியையும், எந்தத் திசையிலிருந்து எடுத்தீர்கள் என்பதையும் அன்றே எழுதிவிடுங்கள்.

கல்லில் எழுத்து இருந்தால், இருட்டிய பின்னர் ஒரு டோர்ச்சோடு திரும்பிப் போங்கள். ஒளியைக் கல்லின் மேல் நேராக அடிக்காமல் ஓரத்திலிருந்து சரித்துப் பிடித்தால், பகலில் தெரியாத எழுத்தின் பள்ளங்களில் நிழல் விழுந்து அவை எழுந்து நிற்கும். சுண்ணாம்பு பூசி மறைந்துபோன அத்திவாரக் கற்களைக்கூட நான் இப்படித்தான் வாசித்திருக்கிறேன். எழுத்தைத் தெளிவாக்குவதற்காகக் கம்பித் தூரிகையால் தேய்ப்பதும், எண்ணெய் பூசுவதும், சோக்கட்டியால் வரைவதும் கல்லைக் கெடுக்கும். பழைய கட்டட எச்சங்கள் உள்ள இடத்தில் எதையும் தோண்டவே கூடாது. அனுமதியின்றி அகழ்வது சட்டப்படி குற்றம் என்பதோடு, தோண்டி எடுத்த பொருள் எந்த மண் அடுக்கில் கிடந்தது என்ற செய்தி ஒருமுறை அழிந்தால் பிறகு அதை யாராலும் மீட்க முடியாது.

துறைகளை மறந்துவிடாதீர்கள். வாவியால் பிரிந்த நாட்டில், அதன் கிழக்குக் கரையான எழுவான்கரையையும் மேற்குக் கரையான படுவான்கரையையும் இணைத்தவை துறைகளும் ‘பாதை’ என்று நாம் அழைக்கும் மிதவைகளும்தான். மண்முனைத் துறையில் 2014இல் பாலம் திறக்கப்படும் வரை, கொக்கட்டிச்சோலைப் பக்கம் போகிறவர்கள் அங்கே பாதைக்காகக் காத்து நின்றார்கள். இன்றைய பிள்ளைகளுக்குப் பாலம் மட்டுமே தெரியும். பாதை எந்த இடத்தில் கரை சேர்ந்தது, கரையில் யாருடைய தேநீர்க்கடை இருந்தது, இரவில் நோயாளியைக் கொண்டுவந்தால் எப்படிக் கூப்பிட்டார்கள் என்பவற்றைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நகரத்துக்கு அண்மையில் உள்ள ஊர்களுக்குக் கல்லடிப் பாலம் அப்படியான ஓர் அடையாளம்: பழைய இரும்புப் பாலம் 1924ஐச் சேர்ந்தது, அதன் பக்கத்திலுள்ள புதிய பாலம் 2013இல் திறக்கப்பட்டது. இவ்வாறு ஆண்டு உறுதியாகத் தெரிந்த பெரிய அடையாளங்களை முதலில் ஊன்றிக்கொண்டால், ஊரின் சிறிய நிகழ்ச்சிகளை அவற்றுக்கு முன், பின் என்று அடுக்கலாம்.

பெயர்களைச் சேர்ப்பது

எங்கள் ஊர்ப்பெயர்களின் வாலிலேயே நிலம் எழுதப்பட்டிருக்கிறது. குடா, முனை, துறை, மடு, வெளி, சேனை, தீவு என்று முடியும் ஒவ்வொன்றும், அந்த நிலம் முதலில் குடியேறியவர்களின் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்கிறது. தேற்றாத்தீவு, மகிழடித்தீவு, கொக்கட்டிச்சோலை, நாவலடி, மருதமுனை ஆகியவற்றில் மரங்கள் நிற்கின்றன. உங்கள் ஊர்ப் பெயரில் மரம் இருந்தால், அந்த மரம் இன்று ஊரில் எத்தனை நிற்கிறது என்று எண்ணி எழுதுங்கள். ‘தீவு’ என்றிருந்தால், மாரியில் எந்தப் பக்கங்களில் வெள்ளம் நிற்கும் என்று மூத்தவர்களிடம் கேளுங்கள். வரைபடத்தில் தீவாகத் தெரியாத இடம் மார்கழி வெள்ளத்தில் தீவாகத் தெரியும்.

ஊர்ப்பெயரைவிடச் சிறு பெயர்கள்தான் அதிகம் ஆபத்தில் இருக்கின்றன. வயல் வட்டைகளின் பெயர், வளவுப் பெயர், வாய்க்கால் பெயர், வாவியில் மீன்பிடிக்கும் இடங்களின் பெயர் ஆகியவை எந்தப் பலகையிலும் இல்லை. வயல் வேலைகளைக் கண்காணிக்கும் வட்டைவிதானையின் வாயிலும் மீனவரின் வாயிலும் மட்டும் இருக்கின்றன. அவற்றை உச்சரிப்பு மாறாமல், அவர் சொன்னபடியே எழுதுங்கள். இலக்கண சுத்தமாக்குகிறேன் என்று திருத்தினால், அடுத்துத் தேடுபவருக்குப் பழைய காணி உறுதியிலுள்ள பெயரோடு அதைப் பொருத்திப் பார்க்க முடியாமற்போகும். பெயருக்குச் சொல்லப்படும் காரணக் கதைகளையும் விடாமல் எழுதுங்கள். ஆனால் ‘என்று ஊரவர் சொல்கிறார்கள்’ என்ற சொற்கள் அந்த வாக்கியத்தில் இருந்தே ஆக வேண்டும்.

மூத்தவர்களிடம் கேட்பது

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இதில் காலம் தாழ்த்தவே கூடாது.

ஆண்டைக் கேட்காதீர்கள், நிகழ்ச்சியைக் கேளுங்கள். எண்பதைத் தாண்டியவர்களுக்கு 1957 மார்கழி வெள்ளம் நினைவிருக்கும். ஐம்பதுகளின் பிற்பகுதியில் உள்ளவர்களுக்கு 1978 நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளி மணிக்கு மணி நினைவிருக்கும். அதன் பிறகு 1990இன் இடப்பெயர்வு, 2004 டிசம்பர் 26 என்று கிழக்குக்கே பொதுவான நங்கூரங்கள் உண்டு. சொல்லும் சம்பவம் இவற்றுக்கு முந்தியா பிந்தியா என்று கேட்டால் போதும்.

படுவான்கரையில் ஓர் ஊரில், பொதுக்கிணறு வெட்டிய ஆண்டைத் தேடி ஒரு பெத்தாவிடம் (பாட்டியிடம்) போயிருந்தேன். தலைவாசலில் இருந்து பன்பாய் இழைத்துக்கொண்டிருந்தார். ஆண்டைக் கேட்டதும் கையை நிறுத்தாமலேயே, “வருசம் ஆருக்குத் தெரியும் மனே? சூறாவளிக்கு முந்தின வருசத்துச் சித்திரை. எனக்கு மூத்தவன் வயித்துல. வெட்டின மண்ணை இந்தத் தலையாலதான் சுமந்தநான்” என்றார். மூத்த மகனின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தோம். 1977 ஆவணியில் பிறந்திருக்கிறார். மாலையில் கிணற்றடிக்குப் போய்க் கட்டின் உட்புறத்தில் டோர்ச்சைச் சரித்துப் பிடித்தபோது, பாசிக்குள் விரலால் கீறிய 1977 என்ற இலக்கம் தெரிந்தது. ஆண்டைக் கல்லே சொல்லிவிட்டது. கிணறு வெட்டிய ஆண்களின் பெயர்களை ஊரில் பலரும் சொன்னார்கள். மண் சுமந்தவர்கள் பெண்கள் என்பதையும், அவர்களில் ஒருவர் நிறைமாதத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தவர் என்பதையும் அந்தப் பெத்தா ஒருவர்தான் சொன்னார்.

அதனால் பெண்களிடம் தனியாகப் பேசுங்கள். ஊர்ப் பெரியவர்கள் கூடியிருக்கும் இடத்தில் அவர்கள் பேசமாட்டார்கள், அல்லது பேச விடப்படமாட்டார்கள். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர், கூத்துப் பழக்கும் அண்ணாவியார், ஓய்வுபெற்ற ஆசிரியர், வட்டைவிதானை, பிரசவம் பார்த்த மருத்துவிச்சியின் மகள் என்று வெவ்வேறு வேலை செய்தவர்களைத் தேர்ந்துகொண்டால், ஒரே ஊர் வெவ்வேறு பக்கங்களிலிருந்து தெரியவரும். பதிவுசெய்யலாமா என்று கேட்டுவிட்டே போனை முன்னால் வையுங்கள். அழைப்பு வந்து பதிவு அறுந்துபோகாமல் இருக்க விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருத்திவைக்க வேண்டாம். பழைய புகைப்படம் ஒன்றைக் கொண்டுபோனால், பத்துக் கேள்விகள் செய்யாத வேலையை அது செய்யும். அன்றிரவே கேட்டு எழுதுங்கள். எழுதியதை அடுத்த வாரம் அவருக்கே வாசித்துக் காட்டுங்கள்.

ஒருவர் சொன்னதை மட்டும் நம்பி ஆண்டு எழுதக்கூடாது என்பதை நான் கசப்போடு கற்றுக்கொண்டேன். ஒரு பாடசாலையின் விழா மலருக்கு எழுதிய கட்டுரையில், ஊரே மதித்த ஒரு பெரியவர் சொன்ன ஆண்டைத் தொடக்க ஆண்டாகக் கொடுத்துவிட்டேன். இரண்டு வருடம் கழித்து, இளைப்பாறிய ஆசிரியர் ஒருவரின் பெட்டகத்திலிருந்து பாடசாலை நிகழ்ச்சிகளைப் பதிந்துவைக்கும் பழைய சம்பவத்திரட்டு வெளிப்பட்டது. ஒன்பது ஆண்டு வித்தியாசம். அதற்குள் பிழையான ஆண்டு பாடசாலை வளைவில் வர்ணத்தால் எழுதப்பட்டுவிட்டது. அந்தப் பெரியவர் பொய் சொல்லவில்லை. கட்டடம் எழுந்த ஆண்டை அவர் சொன்னார், பள்ளிக்கூடம் அதற்கு முன்னரே ஓலைக் கொட்டிலில் தொடங்கியிருந்தது. எது தொடங்கிய ஆண்டைக் கேட்கிறேன் என்பதை நான்தான் தெளிவாகக் கேட்டிருக்க வேண்டும்.

தாள்கள் எங்கே கிடைக்கும்

பாடசாலையில் சம்பவத்திரட்டையும் மாணவர் சேர்ந்ததைப் பதியும் சேர்வு இடாப்பையும் பார்க்க அதிபரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். ஒரு மாணவர் எந்த ஊரிலிருந்து வந்தார், தகப்பனாரின் தொழில் என்ன என்பவை இடாப்பில் இருக்கும்; ஐம்பது பக்கங்களைப் புரட்டினால் ஊரின் தொழில்கள் மாறிய வரலாறே தெரிந்துவிடும். எமது பாடசாலைகளில் பல, கிறிஸ்தவ மிஷன்களாலோ இராமகிருஷ்ண மிஷனாலோ நடத்தப்பட்டு, 1960ஐ ஒட்டி அரசாங்கத்தால் பொறுப்பேற்கப்பட்டவை. அதற்கு முந்திய தாள்கள் அந்த மிஷன்களிடம் இருக்கக்கூடும். வெஸ்லியன் மிஷனின் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தது 1814இல் ஆகையால், தேவாலயப் பதிவேடுகளிலும் பழையவை உண்டு.

வீடுகளில் காணி உறுதிகள் இருக்கின்றன. நான்கு எல்லைகளையும் சொல்லும் அந்த வாசகங்களில், இன்று யாரும் வழங்காத வளவுப் பெயர்களும் மறைந்துபோன பாதைகளும் கிடக்கும். உறுதியைப் படமெடுக்க வேண்டாம். எல்லை வாசகத்தை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். காணிப் பிணக்கு உள்ள நாட்டில், அந்தத் தாள் உங்கள் போனில் இருப்பதே உரியவருக்கு அச்சம் தரும்.

அம்பாறை மாவட்ட ஊரவர்கள் ஒன்றை மனதில் வைத்திருக்க வேண்டும். அம்பாறை தனி மாவட்டமானது 1961இல்தான். அதற்கு முந்திய ஆவணங்களில் காரைதீவையும் திருக்கோவிலையும் அக்கரைப்பற்றையும் மட்டக்களப்பின் கீழேதான் தேட வேண்டும். சுவாமி விபுலாநந்தர் 1892இல் காரைதீவில் பிறந்தபோது அது மட்டக்களப்பு மாவட்டத்து ஊர். அதுபோலவே, ஊர்த் தலைமைக்காரரான விதானைமார் பதவி 1963இல் ஒழிக்கப்பட்டுக் கிராமசேவகர் பதவி வந்ததால், அதற்கு முந்திய ஊர்ச் செய்திகளை விதானையார் குடும்பங்களில் விசாரிக்கலாம். கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் காப்பகத்துக்கும் நில அளவைத் திணைக்களத்துக்கும் போகும் முன்னர், வீட்டிலிருந்தபடியே இணையத்தில் நூலகம் எண்ணிம நூலகத்தைத் தேடிப் பாருங்கள். கிழக்கின் பழைய மலர்கள் பல அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன.

கோயிலும் குடியும்

எங்கள் ஊர்களில் கோயில் வரலாறும் குடி வரலாறும் பின்னிக் கிடக்கின்றன. தாய்வழியாக வரும் குலப் பிரிவுகளான குடிகளும், அந்தக் குடிகள் தெரிந்தெடுக்கும் வண்ணக்கர்களும், திருவிழாவில் யாருக்கு எந்த முறை என்பதும் ஊரின் உண்மையான அரசியலமைப்பு. தாய்வழிக் குடிமுறை கிழக்கின் முஸ்லிம் ஊர்களிலும் உண்டு என்பதால், அயலூரைக் கேளாமல் எழுதும் வரலாறு அரைகுறையாகவே இருக்கும். வயலும் சந்தையும் துறையும் இரு ஊர்களுக்கும் பொதுவாகவே இருந்தன. அயலூர்ப் பெரியவர் ஒருவரோடாவது பேசாமல் கட்டுரையை முடிக்காதீர்கள்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றி எச்சரிக்க வேண்டும். மட்டக்களப்பில் ‘கல்வெட்டு’ என்றால் எப்போதும் கல்லில் வெட்டியது அல்ல. நாடுகாட்டுப் பரவணிக் கல்வெட்டு போன்றவை ஏட்டில் எழுதி, ஓதி, படியெடுத்து வந்த பாட்டும் உரையும். திருக்கோவில் போன்ற இடங்களில் உண்மையாகவே கல்லில் பொறித்த தமிழ்ச் சாசனங்கள் இருக்கின்றன. ‘எங்கள் கோயிலுக்குக் கல்வெட்டு ஆதாரம் உண்டு’ என்று ஒருவர் சொன்னால், அது ஏடா கல்லா என்பதே முதற் கேள்வியாக இருக்கட்டும். ஏடுகளை ஒப்புநோக்கி எஃப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த, மட்டக்களப்பின் பழைய வரலாற்றைச் சொல்லும் ‘மட்டக்களப்பு மான்மியம்’ பெரும் செல்வம். ஆனால் அதிலுள்ள ஆண்டையும் அரசரையும் அப்படியே எடுத்து ஊரின் பிறந்த நாளாக அச்சிடுவது, அந்த ஏட்டுக்கும் செய்யும் அநீதி. முறைகளையும் உரிமைகளையும் நிலைநாட்ட எழுதப்பட்ட ஏடு அது. அந்த நோக்கத்தோடுதான் அதை வாசிக்க வேண்டும்.

கும்பாபிஷேக ஆண்டு, கோயில் தோன்றிய ஆண்டு அல்ல. அதுபோல, இரண்டு குடிகள் ஒரே முறைக்கு உரிமை கோரினால், இரு பக்கத்தையும் அவரவர் சொற்களில் எழுதிவிட்டு விலகிவிடுங்கள். தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலையல்ல. கண்ணகி அம்மன் கோயில் உள்ள ஊராயின், வைகாசியில் கதவு திறந்து, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தி பாடும் வரையான நாட்களில் கொப்பியோடு போய் இருங்கள். எந்த வளவிலிருந்து எது வருகிறது என்பதை அப்போது கண்ணாலேயே காணலாம்.

போர்க்காலத்தைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் கூடாது. ஆனால் இறந்தவர், காணாமற்போனவர் பெயரைக் குடும்பத்தின் சம்மதமின்றி அச்சில் போடாதீர்கள். ஒரு தாய் மகன் வருவான் என்று இன்னும் காத்திருக்கும் வீட்டில், ‘இறந்தார்’ என்ற சொல்லை எழுதுவதற்கு எங்களுக்கு உரிமை இல்லை.

எழுதுவதும் வெளியிடுவதும்

ஒவ்வொரு அடையாளத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அது எங்கே இருக்கிறது, இன்று எப்படி இருக்கிறது என்று தொடங்கிப் பின்னோக்கிச் செல்லுங்கள். ‘கல்லில் உள்ளபடி’, ‘சம்பவத்திரட்டின்படி’, ‘எண்பது வயதான மீனவர் ஒருவர் சொன்னபடி’ என்று ஒவ்வொரு கூற்றின் பிறப்பிடமும் வாக்கியத்துக்குள்ளேயே இருக்கட்டும். தெரியாத ஆண்டுக்கு இடத்தை வெறுமையாக விடுவது இழுக்கல்ல. ‘ஆயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த’ என்ற அடைமொழியை, அதற்கான சான்றை அடுத்த வரியில் காட்ட முடிந்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

நாற்பது பக்கம் போதும். ஊர் நூலகம், பாடசாலை, பிரதேச செயலகம் ஆகியவற்றுக்குப் பிரதிகள் கொடுங்கள். மின்பிரதியை எண்ணிம நூலகத்துக்கு அனுப்புங்கள். ஒலிப்பதிவுகளை இரண்டு வேறு வேறு வீடுகளில் வையுங்கள், ஒன்று கடற்கரையிலிருந்து தள்ளி இருக்கட்டும். நூலகப் பிரதியின் முடிவில் நான்கு வெற்றுத் தாள்களைச் சேர்த்துக் கட்டி, ஒரு பேனாவையும் நூலால் முடிந்து தொங்கவிடுங்கள். படுவான்கரை ஊரில் அப்படி வைத்த பிரதியின் முதலாவது வெற்றுத் தாளில், ஒரு மாதத்துக்குள் ஒருவர் எழுதியிருந்தார்: “கிணறு பற்றிய பக்கத்துக்கு: மண் சுமந்தவர்களில் எனது தாயாரும் ஒருவர். அவருடைய பெயரையும் சேர்க்கவும்.”